அப்புவின் பெயரில் உள்ள காணி: மாவட்ட நீதிமன்றத்தில் நாம் செய்யவேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் "உங்கள் காணி யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று கேட்டால், "அப்புவின் பெயரில்தான்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அப்பு கண்மூடிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். சில குடும்பங்களில் அவருடைய பிள்ளைகளிலும் ஒருவர் இருவர் காலமாகியிருப்பர். உறுதி மட்டும் மாறாமல் இருக்கும்.

இதில் ஓர் உண்மையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும. இலங்கைச் சட்டப்படி ஒருவர் இறந்தவுடனேயே அவருடைய காணியின் உரிமை வாரிசுகளைச் சேர்கிறது. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அந்த உரிமையைக் காட்டும் பத்திரம் தானாக வருவதில்லை. அதை நாமே தேடிப் பெறவேண்டும். அதற்குரிய வழியே மரணசாதன வழக்கு. 'வழக்கு' என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இங்கே எதிராளி என்று ஒருவர் இருக்கவேண்டும் என்பதில்லை.

முதலில் காணியின் வகையை அறிதல்

உறுதிக் காணி வேறு, அரச உத்தரவுப்பத்திரக் காணி வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த உத்தரவுப்பத்திரக் காணிக்கு மாவட்ட நீதிமன்றம் போகவேண்டியதில்லை. அதற்குப் பிரதேச செயலகமே இடம். உத்தரவுப்பத்திரம் பெற்றவர் தமது பின்னுரித்தாளரை அங்கே பெயர் குறித்திருப்பார். குறிக்காமல் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கும், அதன்பின் சட்டம் சொல்லும் வரிசைப்படி உறவினருக்கும் காணி போகும். அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த முன்னுரிமை 2022இல் திருத்தப்பட்டது.

இங்கே கவனிக்கவேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. உரித்துடையவர், மரணம் நிகழ்ந்து 6 மாதங்களுக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர்கள் காணிக்குப் போகமுடியாத நிலையில் இருந்தால், அதற்கான காரணத்தை உடனே பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவித்து, அக்கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை பெற்று வைத்திருங்கள்.

இனி வருவன எல்லாம் உறுதிக் காணியைப் பற்றியவை.

தேவையான பத்திரங்கள்

மரணச் சான்றிதழ் முதலாவது. இடம்பெயர்ந்த காலத்தில் பதியப்படாத மரணத்தைக் காலங்கடந்தும் பதியலாம். கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலோடும் மரணத்தை அறிந்தவர்களின் சத்தியக் கடதாசியோடும் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளரை அணுகவேண்டும்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு இது வேதனையான இடம். மரணச் சான்றிதழ் எடுப்பது தேடுவதைக் கைவிடுவதாகும் என்று நினைக்கும் தாய்மாரும் மனைவியரும் பலர். அவர்களை எவரும் வற்புறுத்தக்கூடாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவரின் மரணத்தைப் பதிய வழி செய்தது. 2016இல் வந்த திருத்தம் இன்னொரு வழியைத் திறந்தது. அதன்படி, அவர் இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறலாம். அதைக் கொண்டு அவருடைய ஆதனத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க நீதிமன்றத்தை நாடலாம்.

அடுத்தது உறுதி. எரிந்துபோனது, பங்கருக்குள் தண்ணீரில் ஊறியது, ஓட்டத்தில் தொலைந்தது என்றால் எல்லாம் முடிந்துவிடவில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியில் மூலம் உங்களிடம் வரும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஒன்றாவது நினைவிலிருந்தால் தேடுவது இலகு. பழைய ஈட்டுப் பத்திரத்திலோ பக்கத்துக் காணிக்காரரின் உறுதியிலோ இந்த விபரம் கிடைப்பதுண்டு.

மூன்றாவது, வாரிசுகளைக் காட்டும் விவாக, பிறப்புச் சான்றிதழ்கள். நான்காவது, இறந்தவர் எழுதிய மரணசாதனம் இருந்தால் அதன் மூலம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இல்லாதவிடத்து ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்ட மரணசாதனமே செல்லும். அதைக் கையில் வைத்திருப்பவர் மறைக்கக்கூடாது. நீதிமன்றத்தில் ஒப்படைப்பது அவருடைய கடமை.

வழக்கு நடக்கும் முறை

இறந்தவர் வசித்த இடத்துக்கோ காணி இருக்கும் இடத்துக்கோ உரிய மாவட்ட நீதிமன்றத்தில், சட்டத்தரணி மூலம் மனுவும் சத்தியக் கடதாசியும் இடவேண்டும். மரணசாதனம் இருந்தால் அதில் பெயர் குறித்த நிறைவேற்றுநர் 'புறோபேற்' கேட்பார். இல்லையென்றால் மனைவியோ கணவனோ பிள்ளைகளில் ஒருவரோ நிருவாகக் கடிதம் கேட்பார். மனுவில் வாரிசுகள் அனைவரின் பெயரும், தெரிந்த ஆதனம் முழுவதும் இருக்கவேண்டும். கோபத்தால் ஒரு சகோதரியின் பெயரை விட்டுவிட்டால், வழக்கு பின்னர் அந்த இடத்திலேயே உடையும்.

நீதிமன்றம் பத்திரிகை மூலம் அறிவித்தல் கொடுத்து, ஆட்சேபணை உள்ளவர்களை அழைக்கும். எவரும் ஆட்சேபிக்காவிட்டால் கட்டளை பிறக்கும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாகச் சம்மதக் கடதாசியோ அற்றோணித் தத்துவமோ அனுப்பலாம். வயது வராத பிள்ளைகளின் நலனைக் காக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும்.

பின்னர் நிருவாகி ஆதன விபரப் பட்டியலைக் கொடுத்து, கடன்களைத் தீர்த்து, இறுதிக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். வாரிசுகளின் பெயருக்கு உறுதி எழுதி அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் வேலை முடிந்தது. இடையில் நின்றுவிடும் குடும்பங்களே அதிகம்.

மூத்தவர் நிருவாகியாக நியமிக்கப்பட்டால் காணி அவருடையதாகிவிடாது. அவர் எல்லாருக்காகவும் பொறுப்பாக இருப்பவர் மட்டுமே. இதைக் குடும்பத்தில் எல்லாரும் முன்கூட்டியே பேசித் தெளிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

ஆதனத்தின் மொத்தப் பெறுமதி சட்டம் குறிக்கும் தொகைக்குக் குறைவாயின் இவ்வழக்கு கட்டாயமில்லை. அத்தொகை காலத்துக்குக் காலம் உயர்த்தப்பட்டு வந்திருப்பதால், இன்றைய அளவை நீதிமன்றப் பதிவாளர் கந்தோரில் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

பங்கு எப்படிப் பிரியும்?

தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரணசாதனம் எழுதாமல் இறந்த தந்தைக்கு முதுசமாக 4 பரப்பும், தேடியதேட்டமாக 8 பரப்பும் இருந்தன. மனைவியும், சீதனம் பெறாத 4 பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேடியதேட்டத்தில் பாதியாகிய 4 பரப்பு தாய்க்கு. மீதி 4 பரப்பும் முதுசம் 4 பரப்பும் பிள்ளைகளுக்கு. ஒவ்வொருவருக்கும் 2 பரப்பு. சீதனம் பெற்ற மகளுக்கு மீதி ஆதனத்தில் பங்கில்லை என்பது தேசவழமையின் பழைய விதி. ஆகவே சீதன உறுதிகளையும் சட்டத்தரணியிடம் காட்டவேண்டும்.

இன்று இது விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு. ஒரு மகன் இறந்து, அவருடைய பங்கு அவரின் 3 பிள்ளைகளுக்குப் போனால் அங்கே தலைக்கு ஒரு பரப்புக்கூட இல்லை. இன்னொருவர் கனடாவில் காலமானால், அவரின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஒப்பம் வாங்கவேண்டும். எல்லை தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள்.

தாமதத்தின் விலை

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பிறருடைய உரிமையை ஏற்காமல் 10 வருடம் ஒரு காணியைத் தனதாக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச்சூழலால் தம் உரிமையைத் தேட முடியாதவர்களுக்கு நிவாரணமாக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் வழக்கிட அது கொடுத்த அவகாசம் 2 வருடம் மட்டுமே. நிருவாகக் கடிதம் அவசியமான பெறுமதியுள்ள ஆதனத்துக்கு, அக்கடிதம் இல்லாமல் காணி மீட்பு வழக்கை நடத்த முடியாது. ஆகவே, பத்திரத்தை ஆயத்தமாக வைத்திருந்தவருக்கே இத்தகைய குறுகிய அவகாசம் பயன்படும். காணி விடுவிக்கப்படும் நாளுக்கும், வீட்டுத்திட்டம் வரும் நாளுக்கும் இது பொருந்தும்.

பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் மூல உறுதியைக் கொடுக்கவேண்டாம். சட்டத்தரணியிடம் கொடுக்கும்போதும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

இவ்வாரமே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, குடும்பத்தின் மூத்தவரைக் கேட்டு, ஒவ்வொரு காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், உறுதி இலக்கம், வாரிசுகளின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அவருக்கு நினைவு இருக்கும்போதே எழுதுங்கள். சட்டத்தரணி உங்களிடம் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.