வாய்ப்பாடு தங்காத பிள்ளை

மல்லாவியில் காலை வேளையில் பாடசாலை மதிலோரம் போனால் "ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று" என்று ஒரு வகுப்பே சேர்ந்து சொல்வது கேட்கும். அந்தக் கூட்டுக் குரலுக்குள் வாயை மட்டும் அசைக்கிற பிள்ளையும் இருக்கும். பின்னேரம் அம்மா தனியாகக் கேட்கும்போதுதான் விசயம் வெளிவரும். "விளையாட்டுப் புத்தி", "மண்டையில் ஏறாது" என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும்.

இன்று இங்கே பெற்றோராக இருப்பவர்கள் பலர் 2008 இல் போரால் இடம்பெயர்ந்து வகுப்பையும் கொப்பியையும் விட்டுவிட்டு ஓடியவர்கள். தங்களுக்குத் தடைப்பட்டது பிள்ளைக்காவது வரட்டும் என்று தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பு நியாயமானது. பிரம்பு நியாயமில்லை. 2005 இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலையில் அதைத் தடுத்துவிட்டது. வீட்டுக்குத்தான் சுற்றறிக்கை வருவதில்லை.

முதலில் காதும் கண்ணும்

வாய்ப்பாட்டை நாம் காதால் படிப்பிக்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைகிறது. கேட்டதை மனதில் நிறுத்துவதும் அவர்களுக்குக் கடினம். கண்ணால் பார்த்தது கூடுதலாகத் தங்கும். அப்படிப்பட்ட பிள்ளையை நாள் முழுக்கப் பாடச் சொல்வதில் பயனில்லை. எழுதிய மட்டையைக் காட்டுங்கள்.

சில பிள்ளைகள் சொல்லிக்கொண்டு வரும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, எங்கே விட்டோம் என்று தெரியாமல் முழிப்பார்கள். அது கவனக்குறைவாக இல்லாமல் ஒரு வகை வலிப்பாகவும் இருக்கலாம். கைகால் இழுக்காததால் வீட்டில் எவருக்கும் சந்தேகம் வராது. மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது. ஏற்கெனவே வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்தச்சோகையும் கவனத்தைக் குறைக்கும்.

காதையும் கண்ணையும் பார்க்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கிறது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லா வகுப்புக்கும் உண்டு. அன்றைக்கு உங்கள் பிள்ளை வீட்டில் நின்றிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மல்லாவி ஆதார வைத்தியசாலையிலோ கேளுங்கள்.

காதும் கண்ணும் சரி, வாசிப்பும் பேச்சும் சரி, எண் மட்டும் பிடிபடவில்லை என்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். மருத்துவம் இதை டிஸ்கல்குலியா என்கிறது. நூறு பிள்ளைகளில் மூன்று முதல் ஆறு பேர்வரை இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு.

நூறில் மிஞ்சுவது பத்து

ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து பத்தாம் வாய்ப்பாடு வரை நூறு கணக்கு. விசேட தேவையுள்ள பிள்ளைக்கு அது பெரிய சுமை. சங்கிலியாகப் பாடமாக்கிய பிள்ளையிடம் "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டால் ஓரெட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், நடுவில் அறுந்தால் எல்லாம் போயிற்று.

சுமையைக் குறைக்கலாம். 1, 2, 5, 10 எளிது. ஐந்து ரூபாக் குற்றியை எண்ணியே ஐந்தாம் வாய்ப்பாடு வந்துவிடும். நாலாம் வாய்ப்பாடு இரண்டு முறை இரட்டிப்பதுதான். ஒன்பதுக்குப் பத்து விரல் இருக்கிறது: 9×4 என்றால் இடமிருந்து நாலாவது விரலை மடக்குங்கள், இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6, விடை 36. பிறகு முட்டை அடுக்கும் மட்டையை எடுங்கள். ஐந்தும் ஆறுமாக 30 குழி. அதைத் திருப்பி வைத்தாலும் 30. 6×7 தெரிந்தால் 7×6 தனியாக வேண்டாம் என்பது கண்ணுக்கே தெரியும்.

மிஞ்சுவது இவ்வளவுதான்: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8.

இரண்டு முறை இரட்டிப்பதே கடினமான பிள்ளைக்கு 2, 5, 10 போதும். கடைக்குப் போய்வர அது காணும்.

ஒரு நாளைக்கு ஒன்று

தெரிந்த கணக்கு எழுதிய மட்டைகள் ஏழு அல்லது எட்டு, அவற்றுக்குள் புதிது ஒன்று. பிள்ளை பெரும்பாலும் வெல்லும், பயம் குறையும். பயந்த மூளைக்குத் தெரிந்த கணக்கும் மறக்கும். புதியதைக் காட்டியவுடன் விடையையும் நீங்களே சொல்லுங்கள். ஊகிக்க விட்டால் பிழையான விடை மனதில் பதிந்துவிடலாம். சில நாளில் மூன்று நாலு விநாடி பொறுத்துவிட்டுச் சொல்லுங்கள், பிள்ளை முந்திக்கொள்ளும். 7×8, 6×9 இரண்டையும் ஒன்றாகத் தொடங்கவேண்டாம். 56, 54 ஒன்றையொன்று குழப்பும். ஐந்து நிமிடம் போதும். மணிக்கூட்டைப் பிடித்து ஓட்டப்போட்டி வைக்காதீர்கள்.

ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை மடமடவென்று ஒப்புவிப்பார்கள். வீட்டார் பூரிப்பார்கள். "நாலு ஓட்டோவுக்கு எத்தனை சில்லு?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் ஒப்புவித்தது வெறும் ஓசை. புளியங்கொட்டையை மும்மூன்றாகக் குவித்துத் திரும்பத் தொடங்க வேண்டும்.

கல்குலேட்டர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். எதைப் பெருக்குவது என்று தெரிந்த பிள்ளைக்கு விடை எங்கிருந்து வந்தால் என்ன? இரண்டு தவணை முயன்றும் பத்து மட்டையில் மூன்றுதான் தங்கியது என்றால், மற்ற ஏழையும் கொப்பி அட்டையின் உட்பக்கம் ஒட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகும்படி ரீச்சரிடம் கேளுங்கள். பாடசாலையில் விசேட கல்வி அலகு இல்லையென்றால் துணுக்காய் வலயக் கல்விப் பணிமனையில் விசாரிக்கலாம். போகும்போது வைத்தியரின் குறிப்பும் பிள்ளையின் கணிதக் கொப்பியும் கையில் இருக்கட்டும்.