நாளப்புடைப்பும் சத்திரசிகிச்சையும்

நாவுலச் சந்தியிலே கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் அண்மையில் எம்மை மறித்து, சாரத்தைச் சற்றே உயர்த்தித் தம் வலக்காலைக் காட்டினார். "மாஸ்டர், நரம்பு சுருண்டு போச்சு. டொக்டர் ஒப்பரேசன் பண்ணச் சொல்றாரு. நரம்ப வெட்டினா கால் வெளங்காமப் போயிடாதா?" என்பது அவர் வினா. கெண்டைக்காலிலே நீல நிறக் குழாய்கள் கொடிபோற் புடைத்து நின்றன. ஆனால் எம் கண்ணை உறுத்தியது அதுவன்று. கணுக்காலின் உட்புறத்தே தோல் கருத்துத் தடித்து, தோற்பட்டை போலாகியிருந்தது. அதைப் பற்றி வினவியபோது, "அது சும்மா அரிப்பு" என்று கூறிவிட்டார். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சிய அவர், அஞ்ச வேண்டியதைப் பொருட்படுத்தவில்லை.

இம்மயக்கத்திற்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். குருதி ஓடும் குழாயையும், உணர்ச்சியைக் கடத்தும் இழையையும் ஒரே சொல்லால் 'நரம்பு' என்று வழங்குகிறோம். நம் நாட்டுப் பாடநூல்களோ இவற்றை மூன்றாக வகுக்கின்றன. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது நாடி. இதயத்திற்கு அதனை மீட்டுக் கொணர்வது நாளம். உணர்ச்சியையும் ஏவலையும் கடத்துவது நரம்பு. தமிழகத்தார் முதலிரண்டையும் தமனி, சிரை என்பர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் போதித்தார்; உடற்கூற்று நூலையும் இரணவைத்திய நூலையும் தமிழாக்கினார். அத்துணைப் பழைமை இருந்தும், சொல்லின் வேறுபாடு வகுப்பறையை விட்டு வெளியேறவில்லை. தமிழ் கற்பிப்போராகிய எமக்கும் அக்குறையிற் பங்குண்டு. முதியவரின் காலிற் புடைத்திருந்தது நரம்பன்று, நாளம். ஆங்கில வைத்தியர் 'வெரிகோஸ்' என்பது இதனையே.

காலிலுள்ள குருதி மேல்நோக்கி ஏறி இதயத்தை அடைதல் வேண்டும். நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கி அதனை மேலே தள்ளுகின்றது. தள்ளிய குருதி கீழே விழாதவாறு நாளத்தினுள் வால்வுகள் உள. ஒரு புறமாக மாத்திரம் திறக்கும் மதகுக் கதவை ஒத்தவை அவை. பதுவா நகரப் பேராசிரியர் பப்ரிசியஸ் 1603 இல் இவற்றை விளக்கி நூல் வெளியிட்டார். அவர் மாணாக்கர் வில்லியம் ஹார்வி, இவற்றின் பயன் குருதியை இதயத்தின் பக்கமாக மட்டும் செல்ல விடுதலே என 1628 இல் நிறுவினார். கதவு பழுதானால் குருதி பின்னோக்கி வழிந்து தேங்கும். நாளம் விரிந்து நெளியும். பரம்பரை, முதுமை, மகப்பேறு, உடற்பருமன், நெடுநேரம் நிற்றல் ஆகியன இதற்கு ஏதுவாவன.

நாளத்தை அகற்றினாற் குருதி எவ்வழியே திரும்பும் என்பது அடுத்த ஐயம். காலின் குருதியிற் பெரும்பகுதி, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, தசைகளுக்கிடையே ஓடும் ஆழ்நாளங்கள் வழியாகவே மேலேறுகின்றது. தோலடியிற் செல்லும் நாளம் ஒரு கிளை வழியே. மாரடைப்புக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை நிபுணர் இதே நாளத்தைத்தான் காலிலிருந்து எடுத்து இதயத்தில் இணைக்கின்றனர். எனினும் முதியவரின் அச்சம் முற்றும் பொய்யன்று. முழங்காலுக்குக் கீழே அந்நாளத்தை ஒட்டி மெய்யான நரம்பு ஒன்று செல்கின்றது. அது ஊறுபடின் தோலிற் சிறிதிடம் மரத்துப்போகலாம். அது தொடுவுணர்ச்சி நரம்பாதலின் கால் முடமாவதில்லை. இதனாலேயே சிகிச்சையாளர் பெரும்பாலும் முழங்கால் மட்டத்தோடு நிறுத்திக்கொள்வர்.

இனி, யாருக்குச் சிகிச்சை வேண்டும்? புடைப்பின் பருமனைக் கொண்டு இதனைத் துணிதல் கூடாது. பெரிதாய்ப் புடைத்தும் யாதொரு துன்பமும் தராத நாளத்தை அப்படியே விட்டுவிடலாம். மாலையிற் காற்பாரம், வலி, வீக்கம், அரிப்பு உடையோர் நிபுணரைக் காணுதல் தகும். கணுக்காலின் தோல் கருத்தல், கரப்பான் தோன்றல், தடித்து இறுகல் ஆகியன கண்டவர் தாமதித்தலாகாது. புண் வந்து ஆறியவரும் அவ்வாறே. இவற்றின் பின் நிற்பது மாதக்கணக்கில் ஆறாத புண். 2004 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், கட்டுமட்டும் போடப்பட்டவருள் ஓராண்டினுள் 28 வீதத்தினர்க்குப் புண் மீண்டது. சத்திரசிகிச்சையும் பெற்றவர்க்கு 12 வீதமே. 450 நோயாளரைக் கொண்ட 2018 ஆம் ஆண்டு ஆய்விலோ, நாளத்துக்கு முன்கூட்டியே சிகிச்சை பெற்றவர் புண் ஆற இடைநிலையில் 56 நாளும், பிற்போட்டவர்க்கு 82 நாளும் சென்றன.

எவ்வகையாயினும் டொப்ளர் ஸ்கான் பார்த்த பின்பே துணிய வேண்டும். குருதி எங்கே பின்வழிகிறது என்பதையும், ஆழ்நாளம் அடைபட்டுள்ளதா என்பதையும் அது காட்டும். அடைபட்டிருப்பின் தோலடி நாளமே குருதிக்கு வழியாகலாம். அதனை எளிதில் அகற்றலாகாது. கருவுற்ற பெண்கள் பிரசவம் முடியும்வரை பொறுத்தல் நன்று. பலருக்குப் புடைப்பு தானே குறைந்துவிடும்.

நாளத்தை உருவி எடுத்தலே முன்னாள் முறை. இக்காலத்தில் மெல்லிய குழாயைச் செலுத்தி வெப்பத்தால் உள்ளிருந்தே மூடுவதும், நுரை மருந்தை ஏற்றி அடைப்பதும் உள. பிரித்தானியாவின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டல் வெப்பமுறையை முதலிலும், நுரையை அடுத்தும், உருவுதலை இறுதியிலும் வைத்தது. எம்முறையிலும் புடைப்பு மீளக்கூடும். இறுக்கக் காலுறை துன்பத்தைத் தணிக்குமேயன்றிப் பழுதான கதவைச் செப்பனிடாது. நீரிழிவுள்ளோரும் புகைப்போரும் பாதத்து நாடியோட்டத்தைச் சோதிப்பியாது அதனை அணிதல் ஆபத்து.

ஒன்று மட்டும் உடனே அறிந்திருக்க வேண்டுவது: புடைத்த நாளம் உடைந்து குருதி பெருகின், நோயாளியை உட்காரவும் நிற்கவும் விடாது படுக்கவைத்து, காலை உயர்த்தி, துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. நாற்காலியில் இருத்தியதால் உயிர் போனதும் உண்டு.

இவற்றுட் பாதியை அம்முதியவரிடம் கடைவாயிலிலேயே சொன்னோம். அவர் நாளத்தை இன்னும் நரம்பென்றே சொல்கிறார். ஆயினும் ஸ்கானுக்கு நாள் குறித்துக்கொண்டு, அன்றைக்குக் கடையில் நிற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.