கடல் கடந்த சந்நிதியில் 30 மாதக் கெடு

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ சென்று வந்த பெரியோர் பலரும் அங்குள்ள ஆலயங்களைப் பற்றி நெகிழ்ந்து பேசுவர். பனி கொட்டும் மார்கழியிலும் தவறாத விடியற்கால பூஜை, பிரதோஷ அபிஷேகம், மடைப்பள்ளிப் பிரசாதம் என ஊர் நினைவு குறையாத வழிபாடு. 1977-இல் குடமுழுக்குக் கண்ட நியூயார்க் ஃபிளஷிங் மகா வல்லப கணபதி ஆலயத்துக்குப் பின் எத்தனையோ கோயில்கள் அந்நாட்டில் எழுந்துவிட்டன. ஆயினும் அங்கே தீபாராதனை காட்டி விபூதி வழங்கும் குருக்கள் எத்தனை காலம் அச்சந்நிதியில் நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அரசு தரும் ஒரு தாள்.

ஆர்-1 என்பது அந்த விசாவின் பெயர். 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியே வந்தது. பாதிரியாருக்கும் புத்த பிக்குவுக்கும் நம் அர்ச்சகருக்கும் விதி ஒன்றே. முதலில் 30 மாதங்கள் வரை அனுமதி. நீட்டித்தால் மேலும் 30 மாதங்கள் வரை. ஆக 5 ஆண்டுகளே எல்லை.

நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது அர்ச்சகர் அல்லர். அவரை நியமித்த கோயில். ஐ-129 என்னும் படிவத்துடன், கோயில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு என்பதற்கும், அர்ச்சகர் வாரம் 20 மணி நேரமாவது பணி செய்கிறார் என்பதற்கும் ஆதாரம் வைக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிக்கும்போது, குறைந்தது 2 ஆண்டுகளாக அதே சமய நெறியைச் சார்ந்தவர் என்றும் காட்டியாக வேண்டும். பாடசாலையில் பயின்றவருக்குச் சான்றிதழ் இருக்கும். தந்தையிடமே ஆகமம் பயின்று, தீட்சை பெற்று, ஊர்க்கோயிலில் பூஜை செய்து வந்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்? கோயிலிலிருந்தும் ஊர்ப் பெரியவர்களிடமிருந்தும் கடிதங்கள் பெறத்தான் அலைய வேண்டியிருக்கும்.

நீட்டிப்பின்போது சம்பளக் கணக்கே முதலில் கேட்கப்படும். வருமான வரித் துறைக்குக் காட்டிய கணக்கும் அர்ச்சகருக்குத் தந்த தொகையும் பொருந்த வேண்டும். சம்பளத்தை ரொக்கமாகக் கையில் கொடுத்துவிட்டு ஏட்டில் எழுதாத நிர்வாகம், எவ்வளவு பக்தியுடையதாயினும், இங்கே தடுமாறும். அதிகாரிகள் முன்னறிவிப்பின்றிக் கோயிலுக்கே வந்து விசாரிப்பதும் உண்டு. ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் ஓய்வூதியருக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே ஒரு தாள் குறைந்தால் குடும்பமே இடம்பெயர நேரும். பக்கத்து ஊர்க் கோயில் உற்சவத்துக்கு அழைத்தாலும், அக்கோயிலும் தனியே மனுச் செய்து அனுமதி பெற்றிருந்தாலன்றிச் சம்பளத்துக்குப் போகலாகாது.

கெடு முடியுமுன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை 240 நாட்கள் வரை பணியைத் தொடரலாம். இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த நாட்களில்தான் ஊரிலிருந்து அந்தத் தொலைபேசி அழைப்பு வரக்கூடாது என்று அர்ச்சகர் வேண்டிக்கொள்வார். தந்தை காலமானார் என்றால் மூத்த மகன் போயே ஆக வேண்டும். முடிவு வருமுன் நாட்டை விட்டுப் புறப்பட்டால், தங்கும் காலத்தை நீட்டிக்கும் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். நீட்டிப்பு முன்பே கிடைத்திருந்தாலும் போதாது. நீட்டிப்பு உள்ளே தங்குவதற்கான அனுமதி. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவோ நுழைவதற்கான அனுமதி. பழைய விசா காலாவதியாகியிருந்தால், பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் சென்னை அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதற்கிடையே அங்கே கோயில் என்ன ஆகும்? பெரிய ஆலயமாயின் பல அர்ச்சகர்கள் இருப்பர். சிற்றூர்க் கோயிலில் ஒருவரே. தீட்சை பெறாதவர் மூலமூர்த்தியைத் தீண்டலாகாது என்பது ஆகம விதி. பக்தர்கள் வெளியே அமர்ந்து ஸ்தோத்திரம் சொல்லலாம், அபிஷேகம் நிற்கும். இரு அர்ச்சகர்களை நியமித்து, இருவரின் கெடுவும் ஒரே ஆண்டில் முடியாதபடி பார்த்துக்கொள்வதே நிர்வாகக் குழு செய்யத்தக்க நல்ல ஏற்பாடு. ராஜகோபுரத்துக்கு நன்கொடை திரட்டுவதைவிட அது முக்கியமானது.

5 ஆண்டு முடிந்தவர் வெளியேற வேண்டும். ஓராண்டு வெளிநாட்டில் தங்கிய பின்பே திரும்பலாம் என்று நெடுங்காலம் இருந்த விதி, 2026 ஜனவரியில் நீக்கப்பட்டது. வெளியேற வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. நிரந்தரக் குடியுரிமை அட்டை கேட்கலாம் என்றால், 2023-இல் வரிசையைக் கணக்கிடும் முறை மாறிய பிறகு அதற்கும் காத்திருப்பு நீண்டுவிட்டது. அர்ச்சகரின் மனைவி அங்கே வேலைக்குச் செல்ல அனுமதியில்லை, பிள்ளைகள் படிக்கலாம். ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் சரளமாகிவிட்ட பிள்ளையை ஊருக்கு அழைத்து வந்து தமிழ் எழுத்துகளை முதலிலிருந்து எழுதப் பழக்குவது, பெரும்பாலும் இங்குள்ள தாத்தா பாட்டியின் பொறுப்பாகிறது.