மீன் தொட்டியிலும் களை வரும்

புதிதாக வைத்த மீன் தொட்டி சில நாட்களிலேயே பச்சையாகிவிட்டதா? நீரை முழுவதும் கொட்டிவிட வேண்டாம். வயல் செய்த நமக்கு இது தெரிந்த விடயமே. வெயிலும் பசளையும் இருந்து பயிர் இல்லாவிட்டால், அந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். தொட்டியில் மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் பசளை; பாசியே களை.

ஆகவே முதல் நாளிலேயே செடிகளை நெருக்கமாக நடுவோம். வேலம்பாசி விரைவாக வளர்ந்து பசளையை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரிலும் வளரும். தொட்டியை நேர் வெயிலில் வைக்கலாகாது. மின்குமிழ் நாளுக்கு 8 மணித்தியாலம் எரிந்தால் போதும். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி இடுவோம். கிழமைக்கு ஒரு தடவை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி, எடுத்த நீரைக் கத்தரி, மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றலாம்.

கடையில் வாங்கிய செடிகளைக் கழிக்கும்போது குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல், காயவைத்துப் புதைக்க வேண்டும். 1939இல் தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்த சல்வீனியா, பின்னர் நாட்டின் குளங்களையும் நெல்வயல்களையும் மூடியது. அதைத் தின்னும் வண்டை 1986இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. மன்னார் வயல்களுக்குக் கட்டுக்கரைக் குளமே உயிர். நாம் எங்கு குடியிருந்தாலும் அந்த நீரைக் காப்பது நம் கடமை.