மொட்டைத்தலை நாயகனும் கிறுக்கல் கோடுகளும்

சைதாமாவுக்கு வழுக்கைத் தலை, புள்ளியாக இரண்டு கண், கோடாக ஒரு வாய். எந்த அரக்கன் வந்தாலும் ஒரே குத்துதான். அதனாலேயே மனிதருக்கு வாழ்க்கை சலித்துவிட்டது. ‘ஒன்’ என்ற புனைபெயர்க்காரர் 2009இல் இந்த நாயகனின் கதையை ‘ஒன் பஞ்ச் மேன்’ என்ற பெயரில் இணையத்தில் போடத் தொடங்கியபோது, படங்கள் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கக் கிறுக்கல் போலத்தான் இருந்தன. இருந்தும் வாசகர்கள் குவிந்தார்கள்.

அவர்களில் ஒருவர், ‘ஐஷீல்ட் 21’ என்ற மாங்காவை (ஜப்பானியப் படக்கதை) வரைந்து பெயர் வாங்கிய யூசுகே முராடா. இதைத் தான் வரைய விரும்புவதாக அவரே ஒன்னிடம் கேட்டார். 2012இல் புதிய பதிப்பு வந்தது. இடிந்து விழும் கட்டடங்களிலும் அரக்கர்களின் தசைமடிப்புகளிலும் முராடா இழைத்து இழைத்து வரைந்தார். சைதாமாவின் முகத்தைப் பெரும்பாலும் மொழுக்கென்றே விட்டுவைத்தார். சுற்றிலும் பிரளயம், நடுவில் கொட்டாவி விடாத குறையாக ஒரு முகம். சிரிப்பே அங்கேதான்.

2015இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ அதை அனிமேவாக, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராக, எடுத்தது. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஆனால் டிவி அனிமேயில் ஒரே படத்தை இரண்டு, மூன்று ஃப்ரேம்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். நொடிக்கு 8 முதல் 12 படங்களிலேயே வேலை முடிந்துவிடும். பேச்சுக் காட்சியில் வாய் மட்டும் அசையும். அப்படி மிச்சம்பிடித்த உழைப்பைச் சண்டையில் கொட்டுவார்கள். இயக்குநர் ஷிங்கோ நட்சுமேயை நம்பித் திறமையான அனிமேட்டர்கள் பலர் வந்து சேர்ந்ததில், சண்டைகள் அனல் பறந்தன.

அந்தச் சண்டைகளைத் துண்டுக் காட்சிகளாக வெட்டிப் பரப்பியவர்கள் ரசிகர்கள். அவர்களில் ‘சகுகா’ (அசைவு சிறந்து விளங்கும் அனிமேஷன் காட்சிகள்) ரசிகர்கள் தனி ரகம்: புகை சுருளும் விதத்தைப் பார்த்தே, இது எந்த அனிமேட்டரின் கைவாகு என்று சொல்லிவிடுவார்கள். தொடரைப் பார்க்காதவரையும் பத்து நொடிக் காட்சி இழுத்து வந்தது. அதே கண்கள் 2019இல் எதிராகவும் திரும்பின. இரண்டாம் சீசன் ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டூடியோவுக்குப் போனதும், பழைய ஃப்ரேமையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காய்ச்சினார்கள். குறை உண்மைதான், வசவு மட்டும் அதிகம். கால அவகாசத்தை முடிவு செய்வது படம் வரைபவரா என்ன?

இதே ஒன்னின் ‘மாப் சைக்கோ 100’ கதையை 2016இல் போன்ஸ் ஸ்டூடியோ எடுத்தது. கோணல் கோடுகளை அவர்கள் திருத்தவில்லை. அந்தக் கோணலையே நெளியவிட்டார்கள். கண்ணாடித் தகட்டில் வண்ணம் தீட்டி, அழித்து, மறுபடி தீட்டி எடுத்த காட்சிகளும் அதில் உண்டு. சகுகா ரசிகர்கள் அதையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.