சாலையில் வாங்கிய செடிக்கும் குளியல் உண்டு

திருவனந்தபுரம் சாலைக் கம்போளம், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய கடைத்தெரு. தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாக வாழும் இடம். கிழக்கேகோட்டைப் பக்கம் போனால் நீங்களும் அங்கே செயற்கைச் செடியோ பூங்கொத்தோ வாங்கியிருப்பீர்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதற்காக அதை மறந்துவிடாதீர்கள், நேயர்களே!

வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷால் தூசு தட்டுங்கள். பிளாஸ்டிக் இலை என்றால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு, துணியை நனைத்துத் துடைக்கலாம். துணிப்பூவுக்கு அவசரம் கூடாது. இலையின் பின்புறம் ஈரத்துணியால் தொட்டுப் பாருங்கள்; சாயம் ஒட்டினால் தண்ணீரே வேண்டாம். ஊறவும் வைக்காதீர்கள், தண்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

தூசு போக, உப்பு போட்ட பையில் பூவைப் போட்டுக் குலுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நம் கடலோர ஊரின் ஜூன் மழையில் அது சரிவராது. ஒட்டிய உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரத்துணியால் துடைத்ததை நிழலில், மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்துங்கள். வெயில் நிறத்தை வெளுக்கச் செய்யும்.

பூஜையறையில் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: எண்ணெய்ப் புகை இலையில் பிசுக்காகப் படியும், தூசு அதில் அப்பிக்கொள்ளும். பிளாஸ்டிக்கும் பாலியெஸ்டரும் தீப்பிடிக்கக்கூடியவை. விளக்கை விட்டுத் தள்ளியே வையுங்கள்.