பழைய ஃபிலிம் கேமராக்களில் ஷட்டர் ஒட்டிக்கொள்ளுதல்

ஷட்டர் ஒட்டிக்கொள்ளுதல் என்பது பழைய ஃபிலிம் கேமராக்களில் பரவலாகக் காணப்படும் ஒரு பழுது ஆகும். பொத்தானை அழுத்தியும் ஷட்டர் திறக்காமல் இருப்பது, பாதி திறந்து நிற்பது, திறந்த பின் மெதுவாக மூடுவது ஆகியவை இதன் வடிவங்கள். நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த கேமராக்களில் பெரும்பாலும் எந்தப் பாகமும் உடைந்திருப்பதில்லை. இடம் மாறிய அல்லது இறுகிப்போன பழைய எண்ணெயே காரணம். எனவே இதைச் சரிசெய்வது எண்ணெய் விடும் வேலை அல்ல, எண்ணெயை நீக்கும் வேலை. லென்சுக்குள் அமைந்திருக்கும் இலை ஷட்டரில் இப்பழுது மிகுதி.

இலை ஷட்டரின் அமைப்பு

லென்சின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடுகள் பூவிதழ்கள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஸ்பிரிங் ஒன்று இவற்றை ஒரே நேரத்தில் விலக்கி மீண்டும் மூடுகிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயங்கிய ஃப்ரீட்ரிக் டெக்கல் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட காம்பூர் ஷட்டர் இவ்வகையில் புகழ்பெற்றது. அந்நிறுவனத்தின் முந்தைய காம்பவுண்ட் ஷட்டரில் காற்று உருளை ஒன்று மெதுவான வேகங்களைக் கட்டுப்படுத்தியது. காம்பூரில் கடிகாரத்தில் உள்ளவை போன்ற பற்சக்கரங்கள் அந்த வேலையைச் செய்தன. ஆல்ஃப்ரெட் கௌதியர் நிறுவனத்தின் பிரான்டார் ஷட்டரும் இதே முறையில் இயங்குவது. ரோலைஃப்ளெக்ஸ், கோடக் ரெட்டினா, அக்ஃபா ஐசோலெட் முதலிய கேமராக்களில் இத்தகைய ஷட்டர்களே உள்ளன.

1 வினாடி, 1/2 வினாடி போன்ற மெதுவான வேகங்களில் பற்சக்கரத் தொடரும், முன்னும் பின்னும் ஆடும் நங்கூர வடிவத் துண்டும் சேர்ந்து தகடுகள் மூடுவதைத் தாமதப்படுத்துகின்றன. வேகம் கூடக் கூட இவற்றின் பங்கு குறைகிறது. பழுது எங்கே உள்ளது என்பதைக் கண்டறிய இந்த வேறுபாடு உதவுகிறது.

ஒட்டிக்கொள்வதற்கான காரணம்

ஷட்டர் தகடுகள் உலர்ந்த நிலையில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. லென்சின் குவியத்தைத் திருப்பும் மரைகளில் தடவப்பட்ட கிரீஸிலிருந்து, வெப்பத்தாலும் காலப்போக்கிலும் எண்ணெய் பிரிந்து தகடுகளை அடைகிறது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது போல, எண்ணெய் படிந்த தகடுகளும் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைப் பிரிக்கும் அளவுக்குச் சிறிய ஸ்பிரிங்கிற்கு வலிமை இருப்பதில்லை. பற்சக்கரங்களில் நடப்பது வேறு: அங்கு இட்ட எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுபிசுப்பாகி, சக்கரங்களின் சுழற்சியைத் தடுக்கிறது.

பழுதை இனங்காணுதல்

• எல்லா வேகங்களிலும் தகடுகள் தயங்கினால், தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கலாம்.
• உயர் வேகங்கள் சரியாக இருந்து, 1 வினாடி, 1/2 வினாடி ஆகியவற்றில் மட்டும் ஷட்டர் திறந்தபடி நின்றால், பற்சக்கரத் தொடர் இறுகியிருக்கலாம்.
• நெம்புகோல் எந்த எதிர்ப்பும் இன்றித் தளர்வாக ஆடினால், ஸ்பிரிங் உடைந்திருக்கவோ கழன்றிருக்கவோ கூடும். இதைச் சுத்தம் செய்வதால் சரிசெய்ய முடியாது.

வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் செல்பேசி வீடியோவைக் கொண்டு ஷட்டரின் வேகத்தை ஓரளவு அளக்கலாம். 1/30 வினாடியில் ஷட்டர் சுமார் 8 படங்களிலும், 1/60-இல் சுமார் 4 படங்களிலும் திறந்து தெரிய வேண்டும். 1/125-க்கு மேற்பட்ட வேகங்களுக்கு இம்முறை போதாது.

இச்சோதனையைத் தவிர்த்தால் இழப்பு ஃபிலிமில்தான் தெரியும். 1/125-இல் வைத்த ஷட்டர் உண்மையில் 1/30-இல் இயங்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி விழும். நெகட்டிவ் ஃபிலிம் இதை ஓரளவு தாங்கும். ஸ்லைடு ஃபிலிமில் படம் வெளிறிவிடும். ஃபிலிமைக் கழுவிய பிறகே இது தெரியவரும் என்பதால், ஒரு சுருள் முழுவதும் வீணாகக்கூடும்.

சுத்தம் செய்யும் முறை

1. கேமராவில் ஃபிலிம் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். காற்றோட்டமான, நெருப்பு இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும்.
2. லென்சின் முன்பகுதியைக் கழற்ற வேண்டும். முன்கண்ணாடியைத் திருப்பிக் குவியம் அமைக்கும் கேமராவாயின், முடிவிலிக் குறியின் நிலையையும் மரை விடுபடும் இடத்தையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மரை வேறு இடத்தில் பிடித்தால் குவியம் தவறிவிடும்.
3. நாப்தா வகை லைட்டர் பெட்ரோலில் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, தகடுகளை மென்மையாகத் துடைக்க வேண்டும்.
4. ஷட்டரைப் பலமுறை இயக்கி, உலர்ந்த குச்சியால் மீண்டும் துடைக்க வேண்டும். குச்சியில் கறை படியாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.
5. பற்சக்கரங்கள் இறுகியிருந்தால் முன்தகட்டைத் திறந்து, அவற்றின் மீது ஓரிரு துளி நாப்தா விட்டு இயக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து வைத்தால் மீண்டும் பூட்டுவது எளிது.
6. ஒரு நாள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

இவற்றில் பலர் தவறவிடுவது கடைசிப் படியாகும். நாப்தா பட்டவுடன் ஷட்டர் நன்றாக இயங்குவது போலத் தோன்றும். ஆனால் கரைந்த எண்ணெய் துடைக்கப்படாமல் இருந்தால், நாப்தா ஆவியான பின் அது மீண்டும் தகடுகளில் படிந்து, முன்பைவிடப் பரந்து ஒட்டும்.

தவிர்க்க வேண்டியவை

துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ஷட்டருக்குள் அடிக்கக் கூடாது. அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் பழுதை மேலும் வளர்க்கும். தகடுகளை விரலால் தள்ளினால் அவை வளைந்துவிடும். லென்சைக் கழற்றாமல் நாப்தாவை ஊற்றினால், எண்ணெய் கலந்த கரைசல் கண்ணாடிகளின் உட்புறத்தில் படியும். பழைய கேமராவில் தானியங்கி டைமரைச் சோதித்துப் பார்ப்பதும் நல்லதல்ல. அதன் பற்சக்கரங்கள் இறுகியிருந்தால் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

பிற வகை ஷட்டர்கள்

ஃபிலிமுக்குச் சற்று முன்னால் ஓடும் திரை ஷட்டர்களுக்கு இம்முறை பொருந்தாது. ரப்பர் பூசிய துணித் திரையை நாப்தா போன்ற கரைப்பான்கள் கெடுத்துவிடும். சில உலோகத் தகட்டுத் திரைகளில் அதிர்வு தாங்கும் நுரை காலப்போக்கில் பசையாகி ஒட்டுவதும் உண்டு. இவற்றையும், துருப்பிடித்த அல்லது வளைந்த தகடுகள் கொண்ட ஷட்டர்களையும் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

பராமரிப்பு

சுத்தம் செய்த கேமராவை வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்கலாம். ஃபிலிம் இல்லாமலேயே மாதம் ஒருமுறை எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்கிப் பார்த்தால், தயக்கம் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.